தேதியண்ணனும் இரும்புப் பெட்டியும்

தேதியண்ணன் வாயைத் திறந்தால் எட்டு மாடிக் கட்டிடமே சிரிக்கும். இதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆறாவது மாடியில் சட்டப் பிரிவு இருந்தது, அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். மற்ற ஏழு மாடியும் சிரித்தது சத்தியமான உண்மை.

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் அவர் லிஃப்ட் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருஷமாக மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். அவர் ஏறிய உயரத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தாண்டிப் போய், திரும்புகிற வழியில் இரண்டு மேகத்தையும் விசாரித்துவிட்டு வரலாம். ஆனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பார்த்தால், காலையில் புறப்பட்ட அதே தரைத்தளத்தில்தான் நிற்பார். இவ்வளவு தூரம் பயணம் போய் இவ்வளவு கொஞ்சமாக ஊர் பார்த்த மனுஷன் உலகத்திலேயே வேறு கிடையாது.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஏதோ ஒரு அதிகாரி, தலையணை அளவு தடிமனான டைரி ஒன்றைக் குப்பைக்கூடையில் போட்டார். ஒவ்வொரு பக்கத்தின் மேலும், ‘இதே நாளில்’ என்று போட்டு, உலகத்தில் எங்கோ எப்போதோ நடந்த சேதி இரண்டு வரி அச்சாகியிருந்தது. தேதியண்ணன் அதை எடுத்துத் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். லிஃப்டுக்குள் ஜனங்கள் எப்படி நிற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். மேலே ஓடுகிற நம்பரை, அங்கே ஏதோ சினிமா ஓடுகிற மாதிரி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அந்த அமைதி அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு நாள் டைரியை எடுத்துச் சத்தமாக வாசித்தார். வாசித்ததோடு விடவில்லை, தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். லிஃப்ட் குலுங்கியது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. “அதுலயும் அஞ்சாப்பு ரெண்டு தடவை படிச்சேன் சார். மொதல் தடவை ரொம்பப் புடிச்சிருந்துச்சு” என்பார்.

பிரான்ஸ் தேசத்து அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசா படம் திருடுபோன நாள் வரும். “பட்டப்பகல்ல செவுத்துல இருந்த படம் போயிடுச்சு. போனது அடுத்த நாள்தான் தெரிஞ்சுதாம். நம்ம ரெண்டாவது மாடி ஆடிட்டுக்காரங்க யாரோ அங்க காவலுக்குப் போயிருக்காங்க போல” என்பார். ஆடிட்டுக்காரர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது மாடியில் இறங்குவார்கள். முதன்முதலில் டெலிபோன் பேசிய நாள் வரும். “கண்டுபுடிச்சவரு முதல்ல யாரைக் கூப்ட்டாரு தெரியுமா? அடுத்த ரூம்ல இருந்த வேலையாளை! ‘இங்க வா, உன்னைப் பாக்கணும்’னு. எட்டி ஒரு குரல் குடுத்தா முடிஞ்சு போற வேலை.” ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும் லிஃப்டை அமெரிக்காவில் ஒரு கடையில் முதன்முதலாக மாட்டிய நாளும் உண்டு, மார்ச் இருபத்து மூன்று. அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். “அன்னைக்கு உள்ள போன முதல் ஆளே நான்தான். இன்னும் வெளிய வரல.”

எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலேயே அவர் மாட்டிக்கொண்டார்.

ஏனென்றால் வருஷத்துக்கு நாள் முந்நூற்று அறுபத்தைந்துதான். நடந்தது நடந்ததுதான், மாற்ற முடியாது. கேலியை மட்டும் வருஷா வருஷம் புதுசாகச் சொல்ல வேண்டும். “அந்த டைட்டானிக் கப்பலை நான் பத்தொம்பது தடவை முழுகடிச்சிருக்கேன். அந்தப் பனிப்பாறைக்கே என் மேல பாவமா இருக்கும்” என்று வீட்டில் சொன்னார். அன்றைக்கு வீட்டில் அவர் பேசியது அவ்வளவுதான். வேலை முடிந்து வரும்போது வாயில் ஒரு சொட்டு வார்த்தை மிச்சமிருக்காது. அவர் சம்சாரம் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள்: “ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு எனக்கு வெறும் பாத்திரமா? ‘சோறு போடு’ன்னாவது சொல்லுங்க, காது இருக்கான்னு பாத்துக்கறேன்.”

இப்படியே ஓய்வு பெறுகிற வரைக்கும் ஓடியிருக்கும். அந்த வருஷம் ஜூலையில் புது லிஃப்ட் வந்தது.

பழைய லிஃப்டுக்குக் கம்பிக் கதவு. மடக்கி மடக்கித் திறக்கிறது. மேலே போகும்போது ஒவ்வொரு மாடியும் கண்ணுக்கு முன்னால் கீழே இறங்கும்: முதல் மாடி டைப்பிஸ்டின் செருப்பு, மூன்றாவது மாடிச் சுவரில் ஒழுகிய கறை, ஐந்தாவது மாடி ஜன்னலில் ஒரு துண்டு வானம். காற்றும் வரும். புதியது நாலு பக்கமும் பளபளவென்று இரும்பு. கதவு சாத்தினால் எறும்பு மூச்சுகூட வெளியே போகாது. எட்டாவது மாடிக்குப் போகப் பழையதுக்கு ஐம்பத்தெட்டு வினாடி, இதற்கு முப்பத்தொரு வினாடி. கப்பல் பாதி முழுகும்போதே எட்டாவது மாடி வந்து கதவு திறந்துவிடும்.

முக்கியமான விஷயம், அது தானாக ஓடுகிற லிஃப்ட். பொத்தானை அமுக்கினால் போதும், ஓட்ட ஆள் வேண்டாம். ‘லிஃப்ட் ஆபரேட்டர் இனித் தேவையில்லை, காலியாக இருக்கும் கேட் காவலுக்கு மாற்றலாம்’ என்று நாலாவது மாடி பணியாளர் பிரிவில் குறிப்பே எழுதிவிட்டார்கள். கேட் என்றால் வாசலில் தகரக் கூரை, ஒரு நாற்காலி, மேலே அளவில்லாத வானம். தேதியண்ணன் அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஏழு வாக்கியம் பேசினார். சம்சாரம் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் விஷயம் வெளியே தெரிந்தது. கட்டிடமே கொந்தளித்துவிட்டது. “நம்ம தேதியண்ணன் இல்லாத லிஃப்டா? விடக் கூடாது!” மாடி மாடியாகக் காகிதம் போனது. முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. சட்டப் பிரிவுகூட, ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. எட்டாவது மாடியில் இருந்த மேலாளரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். அவரே அதைக் கையில் பிடித்தபடி லிஃப்டுக்குள் வந்து, தேதியண்ணன் தோளில் தட்டினார்.

“பாத்தியாயா, உன்மேல எவ்வளவு பாசம்! உன்னை யாரும் இங்கேர்ந்து அசைக்க முடியாது.”

ஆயுள் தண்டனையைக் கைதட்டிக் கொடுத்த ஒரே கோர்ட் அதுவாகத்தான் இருக்கும். தேதியண்ணன் பல்லைக் காட்டினார். வேறு என்ன செய்வார்?

பொத்தான் அமுக்க யாருக்கும் தெரியும். இருந்தாலும் முழுச் சம்பளத்தில் ஒரு மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து அமுக்கினார். முதல் வாரத்தில் காதுக்குள் ஒரு இரைச்சல் வந்தது. இரண்டாவது வாரத்தில் நாலாவது மாடி தாண்டியதும் நெஞ்சை யாரோ வேட்டியைப் பிழிகிற மாதிரி பிழிந்தார்கள். கதவு திறந்தால் சரியாகிவிடும். மறுபடி சாத்தினால் மறுபடி பிழியும். ஒரு நாளைக்குக் கதவு நூற்று நாற்பது தடவை சாத்தும். வியர்வையை ஒரு கையால் துடைத்துக்கொண்டே, மறு கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னார். அதையும் நடிப்பு என்று ரசித்தார்கள்.

வீட்டில் படுக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வாசற்கதவும் திறந்திருக்க வேண்டும். குளிக்கப் போனாலும் கதவைச் சாத்த மாட்டார்.

“என்னங்க இது, பக்கத்து வீட்டம்மா இருக்காங்க, மானம் போகுது. கதவைச் சாத்திட்டுக் குளிங்க!”

“நீ வாசல்ல நில்லு. யாராவது வந்தா இருமு.”

ஒரு மாசம் இருமிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “வேலையை மாத்திக் கேளுங்களேன்.”

கேட்டார். அலுவலக டாக்டர் லிஃப்டில் ஏறியபோது, “சார், உள்ள கதவு சாத்துனா மூச்சு முட்டுது” என்றார். “எனக்கும்தான்யா, உன் ஜோக்கைக் கேட்டுக் கேட்டு!” என்று டாக்டர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். சரி, எழுதியே கொடுப்போம் என்று தன் கைப்பட எழுதினார்: ‘ஐயா, பெட்டிக்குள் எனக்கு மூச்சு வரவில்லை. என்னைக் கேட்டில் உட்கார வைக்கவும்.’ பணியாளர் பிரிவுக் கண்காணிப்பாளர் அதைப் படித்து மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிரிவில் இருந்த பதினோரு பேருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். சாயங்காலம் பார்த்தால் அந்த விண்ணப்பம் அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தது. மேலே யாரோ சிவப்பு மையில், ‘இந்த வாரச் சிரிப்பு’ என்று எழுதியிருந்தார்கள்.

அப்புறம்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஜோக் சொல்வதால்தானே வைத்திருக்கிறார்கள்? ஜோக்கை நிறுத்திவிட்டால்? காரணமும் டைரியிலேயே கிடைத்தது. அக்டோபர் நாலாம் தேதி வழக்கம்போலச் சொன்னார்:

“ஆயிரத்து ஐந்நூத்து எண்பத்திரெண்டாம் வருஷம் காலண்டரைச் சரி பண்றேன்னு பத்து நாளைத் தூக்கிட்டாங்க. இத்தாலிக்காரன் நாலாம் தேதி படுத்தான், எந்திரிச்சா பதினஞ்சு. பத்து நாள் தங்கிட்டுப் போறேன்னு மாமியார் பெட்டியோட வந்திருந்தா, வாசல்லயே வழியனுப்பி வெச்சிருப்பான்.”

சிரித்து ஓய்ந்தார்கள். மறுநாள் ஐந்தாம் தேதி, தேதியண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் தேதியும் இல்லை. கேட்டால் உதட்டில் விரல் வைத்தார். ‘இல்லாத நாளுக்கு ஏது சேதி?’ என்பது அவர் கணக்கு. பத்து நாளில் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார்.

அவர் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி அதுதான். “அடேயப்பா! பத்து நாள் இல்லைன்னதும் பத்து நாளும் பேசாம இருக்கார் பாரு! என்ன மூளை!” என்று கட்டிடமே மாய்ந்துபோனது. மாடிப்படியில் போய் வந்துகொண்டிருந்தவர்கள்கூட அவர் பேசாமல் இருப்பதைப் பார்க்க லிஃப்டில் ஏறினார்கள். கூட்டம் தாங்காமல் லிஃப்ட் கூவியது. அந்த நெரிசலில், நடுவில், ஸ்டூலில் உட்கார்ந்து அவர் நம்பரை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் பிழியும்.

நவம்பர் பிறந்தது. கண்காணிப்பாளர் லிஃப்டில் இன்னொருத்தரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது: பதினைந்தாம் தேதிக்குள் கேட்டுக்கு ஆள் போடாவிட்டால் அதை வெளிக் கம்பெனியிடம் விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் அந்தக் கட்டிடத்தில் வானம் தெரிகிற வேலையே கிடையாது. அவர் ஓய்வு பெற இன்னும் பதினோரு வருஷம் இருந்தது.

அன்றைக்குச் சம்சாரம் மிஷினில் நூல் கோத்தபடியே கேட்டாள். “நீங்க எப்படிக் கேட்டீங்க? எனக்குக் கேட்டுக் காட்டுங்க, பாப்போம்.”

கேட்டுக் காட்டினார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“பாத்தீங்களா? பல்லைக் காட்டிக்கிட்டே கேட்டா எவன் நம்புவான்? அழுதுகிட்டே கேளுங்க.”

“எனக்கு அழத் தெரியாதே.”

“கல்யாணத்தன்னைக்கு அழுதீங்களே.”

“அது சந்தோஷத்துல.”

“யாரோட சந்தோஷம்?” என்றாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “இன்னும் பதினோரு வருஷம் நான் வாசல்ல நின்னு இருமணுமா?”

நவம்பர் ஒன்பது. காலை பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது லிஃப்டில் எட்டு பேர் ஏறினார்கள். பெரியவர், கண்காணிப்பாளர், டாக்டர், ஐந்தாவது மாடிக்காரர்கள் ஐந்து பேர். தேதியண்ணன் எட்டாவது மாடிப் பொத்தானை மட்டும் அமுக்கினார். கதவு சாத்திக்கொண்டது.

“இன்னைக்கு என்னண்ணே?” என்றார் கண்காணிப்பாளர்.

“பெர்லின் சுவர் திறந்த நாள் சார்” என்று ஆரம்பித்தார். “இருபத்தெட்டு வருஷமா ஊருக்குக் குறுக்கே சுவர். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக முடியாது. அன்னைக்கு ஒரு அதிகாரி பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காந்தாரு. கையில யாரோ ஒரு காகிதம் குடுத்திருந்தாங்க. ஜனங்க இனிமே வெளிய போகலாம்னு அதுல இருக்கு. அவர் அதைச் சரியாப் படிக்கல. நம்ம ஆபீஸ் மாதிரிதான்.”

சிரிப்பு. மூன்று. நாலு. நெஞ்சு பிழிந்தது. விடாமல் பேசினார்.

“ஒருத்தன் கேட்டான், ‘எப்பலேர்ந்து?’ன்னு. அடுத்த நாள்லேர்ந்துதான் விடறதா ஏற்பாடு. இவர் காகிதத்தைப் புரட்டுறாரு, புரட்டுறாரு, ஒண்ணும் கிடைக்கல. ‘எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் உடனே’ன்னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான்! ராத்திரிக்குள்ள ஊரே கிளம்பிச் சுவர்கிட்டப் போயிடுச்சு. காவல்காரன் பாத்தான், திறந்து விட்டுட்டான்.”

எட்டு. கதவு திறந்தது. ஒருத்தரும் இறங்கவில்லை. கடைசியில் வரும் கேலிக்காகக் காத்து நின்றார்கள். தேதியண்ணன் பெரியவர் பக்கம் திரும்பினார்.

“சார், என்னைக் கேட்டுக்கு எப்பலேர்ந்து சார் விடுவீங்க?”

அடடா, என்ன சிரிப்பு! டாக்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது. பெரியவர் அந்த அதிகாரி மாதிரியே கையில் இருந்த ஃபைலைப் புரட்டிப் புரட்டி நடித்தார். “எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்… உடனே! போயா, உடனே போ!”

“சரிங்க சார்” என்றார் தேதியண்ணன். ஸ்டூலைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லிஃப்டை விட்டு இறங்கினார். மாடிப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு கீழே நடந்தார். பின்னால் கைதட்டல் ஏழாவது மாடி வரைக்கும் கேட்டது. ஆறாவது மாடியில் சட்டப் பிரிவு வழக்கம்போல அமைதியாக இருந்தது. எட்டு மாடியும் இறங்கி, முற்றத்தைத் தாண்டி, தகரக் கூரைக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து ஆள் வந்தது, பெரியவர் கூப்பிடுகிறார் என்று. தேதியண்ணன் படியிலேயே ஏறிப் போனார், ஸ்டூலோடு. விட்டுவிட்டுப் போனால் யாராவது எடுத்து லிஃப்டுக்குள் போட்டுவிடுவார்கள் என்று பயம். எட்டாவது மாடி சேர்ந்தபோது தண்ணீர்ப் பம்பு மாதிரி மூச்சு வாங்கியது.

பெரியவருக்கு இப்போது சிரிப்பு இல்லை. “என்னய்யா, கீழே போய் உக்காந்துட்டியாமே? நான் தமாஷுக்குத்தானே சொன்னேன்?”

“தெரியும் சார். நான் மூணு மாசமா நெசமாக் கேட்டேன், நீங்க தமாஷா எடுத்துக்கிட்டீங்க. இன்னைக்கு நீங்க தமாஷாச் சொன்னீங்க, நான் நெசமா எடுத்துக்கிட்டேன். சரியாப் போச்சு சார்.”

பெரியவர் அவரையே பார்த்தார். “இதுவும் ஜோக்கா?”

“எனக்கே இப்ப தெரியல சார்.”

பெரியவர் எழுந்தார். “வா. நீயும் நானும் மட்டும் ஒரு தடவை கீழே போயிட்டு வருவோம். ஒண்ணும் சொல்லாதே.”

தேதியண்ணன் ஸ்டூலைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார். ஆனாலும் போனார். கதவு சாத்தியது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் இருந்த லிஃப்டில் கதையும் இல்லை, கூட்டமும் இல்லை. பெரியவருக்கு வேறு வேடிக்கை இல்லாததால் மனுஷனைப் பார்த்தார். தேதியண்ணன் கண்ணை இறுக மூடியிருந்தார். ஸ்டூல் காலடியில் கிடந்தது, முதுகு மூலையில் ஒட்டியிருந்தது. இரண்டு கையும் பக்கவாட்டுக் கம்பியை, விட்டால் விழுந்துவிடுகிற மாதிரி பிடித்திருந்தன. உதடு ஏழு, ஆறு என்று எண்ணியது. தாடையிலிருந்து வியர்வை சட்டைக்குள் சொட்டியது. நாலுக்கு வந்ததும் ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு இல்லை.

“இன்னும் மூணுதான்யா” என்றார் பெரியவர். அவர் குரலே மாறிப்போயிருந்தது. “இந்தா வந்துடுச்சு. ரெண்டு. இந்தா. ஒண்ணு.”

கதவு திறந்தது. பெரியவர் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு, தேதியண்ணன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து படிக்கட்டில் உட்கார வைத்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அப்புறம் சட்டைப்பையில் இருந்த காகிதத்தை எடுத்து, சுவரில் வைத்து, அவரைக் கேட்டுக்கு மாற்றி நாலு வரி எழுதினார். எந்தத் தேதியிலிருந்து என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. ‘உடனே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “இத்தனை நாள் பக்கத்துலயே நின்னிருக்கேன்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு, எட்டு மாடியும் படியில் ஏறிப் போனார்.

கேட்டில் முதல் வேலையாக ஒரு லாரி வந்தது, நாற்காலி மேசை ஏற்றிக்கொண்டு. தேதியண்ணன் இருபது அடி இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார். லாரி உள்ளே போனது. டிரைவர் தலையை நீட்டினார்.

“அண்ணே, நான் வந்துட்டேன். சாத்தலையா?”

“எதுக்கு?”

“கேட்டுன்னா சாத்துவாங்களே!”

“பொறுமையா சாத்திக்கலாம், நீங்க போங்க தம்பி.”

அந்தப் பொறுமை சாயங்காலம் வரை நீடித்தது. திறந்த கேட் வழியாக மூன்று தெருநாய்கள், வழி தவறிய ஒரு ஐஸ் வண்டிக்காரர், வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டிய இரண்டு கார்கள் எல்லாம் வந்துபோயின. ஒரு நாய் வரவேற்பறை சோபாவில் படுத்துத் தூங்கியதாகவும் சொல்கிறார்கள். நாலரை மணிக்குக் கண்காணிப்பாளர் கையில் ஒரு மெமோவோடு ஓடிவந்தார். ‘கேட்டை மூடாததற்கு இரண்டு நாளுக்குள் விளக்கம் தரவும்.’ சேர்ந்த அன்றைக்கே மெமோ வாங்கிய காவலாளி அந்த நிறுவனத்தில் அதற்கு முன் இல்லை.

தேதியண்ணன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

“அண்ணே, காவலுக்கு வந்தா கேட்டைச் சாத்தித்தானே ஆகணும்?” என்றார் கண்காணிப்பாளர். பாவம், அவர் குரலில் கெஞ்சல்தான் இருந்தது.

“சாத்தறேன் சார். ரூல்ஸ்ல ஒரே ஒரு சந்தேகம்.”

“என்ன?”

“எந்தப் பக்கம் நின்னு சாத்தணும்னு போட்டிருக்கா?”

கண்காணிப்பாளர் யோசித்தார். மெமோவைப் புரட்டினார். “அப்படி ஒண்ணும் போடல.”

தேதியண்ணன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். அங்கே நின்று, கேட்டைத் தன் பக்கமாக மெதுவாக இழுத்து, கண்காணிப்பாளரை உள்ளே வைத்துச் சாத்தினார்.